பொன்னுருக்குக்கு வந்த அமெரிக்கன்

புருசெத், ஒஸ்லோ
ஆவணி, வெள்ளிக்கிழமை பின்னேரம்

மதிப்புக்கும், அதைவிடக் கூடப் பகிடிக்கும் உரிய குலசேகரம் அத்தானுக்கு,

பிள்ளையார் துணை. இவ்விடம் நானும், தங்கள் சகலன் யோகலிங்கமும், கல்யாண மாப்பிள்ளையாகிய எங்கள் மகன் ரிஷிகேசனும் நலம். அவ்விடம் தாங்களும், யோகாம்பாள் அக்காவும், தங்கள் முழங்காலும் நலமாக இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகின்றேன். இந்த மூண்டு வரியும் ரிஷியின்ரை பழைய தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பியிலை பார்த்து எழுதினது. இனி வாறது என்ரை சொந்தச் சரக்கு.

கைக்குள்ளை வட்ஸ்அப் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுறாள் எண்டு யோசிப்பியள். போன் எண்டால் நீங்கள் கதைக்க நான் கேட்கவேணும். அக்கா பக்கத்திலை நிண்டு "ஸ்பீக்கரிலை போடுங்கோ" எண்டுவா, பிறகு மானிப்பாய் முழுக்கக் கேட்கும். கடிதம் எண்டால் நான் சொல்லி முடியுமட்டும் நீங்கள் வாய் திறக்க ஏலாது. தபால் கந்தோரிலை முப்பது வருசம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தின மனுசன், இப்ப ஒண்டை வாசியுங்கோ. ஆனால் அக்காவுக்குத் தெரியாமல், பின்வளவுப் பக்கம் போய் நிண்டு வாசியுங்கோ. என்ன கடிதம் எண்டு அவ கேட்டால் பென்சன் கடிதம் எண்டு சொல்லுங்கோ. பென்சன் கடிதத்திலை ஏன் நோர்வே முத்திரை எண்டு கேட்டால் அது உங்கடை கெட்டித்தனம்.

விசயம் இதுதான். ரிஷியின்ரை பொன்னுருக்குக்கு எண்டு நீங்கள் குடுத்துவிட்ட பவுண். முதலே சொல்லிப் போடுறன், பயப்பிடாதேங்கோ, பவுண் பத்திரமாய் இருக்கு. பவுண் பத்திரமாய் இருக்கிறதுதான் பிரச்சினை. ஏனெண்டால் இண்டைக்குக் காலமை ஒன்பது பன்னிரண்டுக்கு நல்ல நேரத்திலை பொன்னுருக்கு முடிஞ்சுது. தாலிக்கு எண்டு நெருப்பிலை உருகியிருக்க வேண்டிய பவுண் உருகாமல் இருக்கு. அந்தக் களவைச் செய்தவள் நான்தான்.

ஆறுதலாய்ச் சொல்லுறன். போன மாதம் எங்கடை கோயில் ஆள் ஒருத்தர் ஊருக்குப் போய் வரேக்கை, சட்டைப் பைக்குள்ளை வைச்சு, பைக்கு ஊசியும் குத்திக் கொண்டந்து தந்தவர். மஞ்சள் துணியிலை முடிஞ்சு இருந்தது. அதோடை உங்கடை துண்டு. "இது எங்கடை ஐயாவுக்கு அமெரிக்கன் மிஷனிலை இருந்த வெள்ளக்காரர் குடுத்த பவுண். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை, ரிஷிதான் பிள்ளை. இதை உருக்கித்தான் அவன்ரை தாலி செய்யவேணும்" எண்டு. வாசிச்சுப் போட்டுக் கொஞ்சம் அழுதனான். பிறகு திரும்ப வாசிக்க, நீங்கள் வெள்ளைக்காரர் எண்டு எழுதாமல் வெள்ளக்காரர் எண்டு எழுதியிருந்தது கண்ணிலை பட்டுது. அமெரிக்காவிலையிருந்து வெள்ளம் வந்து பவுண் குடுத்திட்டுப் போனதாக்கும் எண்டு சிரிச்சனான். நான் ஏழாம் வகுப்போடை நிண்டவள் அத்தான், எனக்கே கண்ணிலை குத்துது.

முடிச்சை அவிழ்த்து ஆரும் பார்க்கேல்லை. பவுணிலை பார்க்க என்ன கிடக்கு? ஒரு பக்கம் ராசா, மற்றப் பக்கம் குதிரை. சாமித்தட்டிலை வைச்சுப் போட்டு நான் பலகாரச் சூட்டிலை நிண்டிட்டன். போன சனிக்கிழமை வரப்போற மருமேள் யதுர்ஷா வந்தவள். வீடியோவிலை காட்டினனானெல்லோ, எல்லிங்ஸ்ருட் பக்கத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரி லாபிலை கண்ணாடிக்குள்ளாலை கிருமி பார்க்கிற வேலை. வேலையிலை கிருமியை எப்பிடிப் பார்க்கிறாளோ அப்பிடித்தான் வீட்டிலை எங்களையும் பார்ப்பாள். எதுக்கும் ஒரு ஏன். "மாமி, ஏன் மூண்டு முடிச்சு? ஏன் நாலு இல்லை?" எண்டு கேட்டவள், நான் "நாலாவது முடிச்சு ரிஷியின்ரை வாய்க்கு, அதை நீ போடு" எண்டு சொன்னனான். அவள் அல்பத்துக்குப் படம் எடுக்கவேணும் எண்டு முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் காசை வெளிச்சத்துக்குப் பிடிச்சாள்.

"மாமி, இந்த ராசா ஏன் தலையிலை சிறகு குத்தியிருக்கிறார்?"

"கிரீடத்தைத் திருத்தக் குடுத்திருப்பார் பிள்ளை, நீ படத்தை எடு" எண்டன் நான், வடைச் சட்டியை விட்டுத் திரும்பாமல்.

"குதிரையையும் காணேல்லை மாமி. ஒரு பருந்துதான் நிக்குது."

அதோடை அடுப்பை நிப்பாட்டிப் போட்டு வந்தனான். இவரும் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொண்டு வந்தார். பார்த்தால், அத்தான், தலை நிறையச் சிறகு, நீட்டு மூக்கு, கடுகடுத்த முகம். இவர் தொண்டையைச் செருமிக் கொண்டு, "இது வேடுவர் தலைவன். வள்ளியம்மையின்ரை தேப்பன்" எண்டார், கோயில் சபைக் கூட்டத்திலை கதைக்கிற அதே குரலிலை. "வள்ளியின்ரை தேப்பன் இங்கிலிசிலையோ பேர் எழுதி வைச்சிருக்கிறார்?" எண்டு நான் கேட்டன். யதுர்ஷா எழுத்துக் கூட்டினாள். யுனைட்டட் ஸ்ரேற்ஸ் ஒஃப் அமெரிக்கா. ஃபைவ் டொலர்ஸ். ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பது. இவருக்கு முகம் செத்துப் போச்சு. "அஞ்சு டொலரோ? சகலன் பெறாமகனுக்கு அஞ்சு டொலரோ அனுப்பினவர்?" எண்டார். நான் உங்களை விட்டுக் குடுக்கேல்லை. "அனுப்பினது அவர். நீங்கள் அவருக்குக் கடைசியாய் அனுப்பினது என்ன, வாழ்த்து மடல்" எண்டு சொன்னனான்.

யதுர்ஷா உடனை போனிலை தேடத் தொடங்கினாள். இதுக்குப் பேர் இந்தியன் ஹெட்டாம், இந்தியன் தலை. மேல் மாடியிலை இருக்கிற சென்னைத் தம்பி மா அரிக்கிற சல்லடை திருப்பித் தர வந்தவர் எட்டிப் பார்த்து, "இந்தியன் காயினா ஆன்ட்டி? அப்போ நம்ம ஊரு ஆளுதான்!" எண்டு நெஞ்சை நிமித்தினார். பிறகு ஆளை வடிவாய்ப் பார்த்திட்டு, "இல்ல ஆன்ட்டி, இவரு வேற இந்தியன்" எண்டு சல்லடையை வைச்சிட்டுப் போயிட்டார். அமெரிக்காவிலை முதல் முதல் இருந்த சனம். வழி தவறிப் போன ஒருத்தர் அவையளுக்கு இந்தியர் எண்டு பேர் வைச்சு, அந்தப் பேரே நிலைச்சுப் போச்சாம். பவுண் எண்டு பேர் வைச்சு இவரைத் தொண்ணூறு வருசத்துக்கு மேலை பெட்டிக்குள்ளை பூட்டி வைச்ச நாங்கள் அதிலை குறை சொல்ல ஏலாது.

பிறகு அவள் பருந்தின்ரை காலடியை உத்துப் பார்த்திட்டு, "மாமி, இதிலை ஒரு குட்டி ஓ இருக்கு" எண்டாள். கடுகை விடச் சின்னன். நான் சொன்னன், "ஓ எண்டால் ஒஸ்லோ. காசு எங்கை வந்து சேரவேணும் எண்டு அவையளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" எண்டு. அவள் சிரிக்கேல்லை. அவளின்ரை முகம் மாறினது. "மாமி, கடை பூட்ட முதல் போவம்" எண்டாள்.

ரீபானா ரயில் எடுத்துப் பட்டணத்துக்குப் போனம். பழைய காசு வாங்கி விக்கிற கடை, ஒழுங்கைக்குள்ளை, எங்கடை சாமியறை அளவுதான் இருக்கும். உள்ளுக்கை ஒரு வெள்ளைத்தாடிக் கிழவர். நான் காசை எடுத்து மேசையிலை டக்கெண்டு வைச்சன். மனுசன் நான் அவரின்ரை பேரப்பிள்ளையை நிலத்திலை போட்ட மாதிரிப் பாய்ந்து பிடிச்சார். பிடிச்சதும் விளிம்பிலைதான், முகத்திலை விரல் படப்பிடாதாம். ஊத்தையாய்க் கிடக்கெண்டு வெட்கமாய் இருந்தது எனக்கு, "பழப்புளி போட்டுத் தேய்ச்சு மினுக்கிக் கொண்டரட்டோ" எண்டு யதுர்ஷாவைக் கொண்டு கேட்பிச்சன். கிழவர் காசை நெஞ்சோடை அணைச்சுக் கொண்டார். மினுக்கின காசைச் சேர்க்கிற ஆக்கள் தொடவே மாட்டினமாம். பழசு பழசாய்த்தான் இருக்கவேணுமாம். எங்கடை வீட்டிலை இவருக்கு ஒவ்வொரு மாதமும் தலைக்கு மை பூசுற நான் கைப்பைக்குப் பின்னாலை விரலை மறைச்சன்.

பிறகு கண்ணிலை ஒரு வில்லையைச் செருகிக் கொண்டு கனநேரம் பார்த்தார். அத்தான், அந்த மனுசன் சொன்னதிலை பாதியாவது உங்களுக்குச் சொல்லாட்டில் எனக்கு நித்திரை வராது. எல்லாக் காசிலையும் முகம் மேலை எழும்பி நிக்கும். இதிலை பாருங்கோ, முகம் உள்ளுக்கை இறங்கிக் கிடக்கு, அச்சுப் பலகையிலை வெட்டின மாதிரி. அமெரிக்காக்காரர் புதுசாய் ஒண்டு செய்வம் எண்டு செய்தவையாம். செய்த உடனை ஊர் ரெண்டாய்ப் போச்சு. ஒரு காசு வியாபாரி சனாதிபதிக்கே கடிதம் எழுதிப் போட்டாராம், இந்தப் பள்ளத்துக்குள்ளை ஊத்தை சேரும், ஊத்தைக்குள்ளை கிருமி சேரும், காசு கை மாறி நாடு முழுக்க வருத்தம் பரவும் எண்டு. கிருமி எண்ட சொல்லைக் கேட்ட உடனை எங்கடை மருமேளுக்குக் கண் ரெண்டும் பத்திச்சுது. "அது உண்மையோ? ஆராவது சோதிச்சுப் பார்த்தவையோ? எத்தினை பேருக்கு வந்தது?" எண்டு கிழவரைப் போட்டு உலுப்பினாள். ஒருத்தருக்கும் வரேல்லையாம். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நான் என்ரை சந்தேகத்தைக் கேட்டன். ஓ எண்டால் ஒஸ்லோவோ? கிழவர் வில்லையைக் கழட்டிப் போட்டுச் சிரிச்ச சிரிப்பு! ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பதிலை ஒஸ்லோவுக்கே பேர் ஒஸ்லோ இல்லையாம் அத்தான், கிறிஸ்ரியானியாவாம்! இந்த ஊரிலை முப்பது வருசம் இருக்கிறன், பஸ்ஸிலையும் ரயிலிலையும் தினம் இந்தப் பேரைப் பார்க்கிறன், இதுக்கு ஒரு பழைய பேர் இருந்தது எண்டு ஒரு அமெரிக்கன் காசு வந்துதான் எனக்குச் சொல்லவேண்டிக் கிடந்தது. ஓ எண்டால் நியூ ஓர்லீன்ஸ், அங்கை காசு அடிக்கிற சாலை ஒண்டு இருந்ததாம். அந்த வருசத்தோடை அங்கை காசு அடிக்கிறதையே விட்டிட்டினம். இந்தச் சிறகுக்காரரை அங்கை அடிச்சது அந்த ஒரே ஒரு தரம், முப்பத்து நாலாயிரம் சொச்சம். அதே வருசம் வேறை சாலையிலை டீ எண்டு எழுத்துப் போட்டு லட்சக் கணக்கிலை அடிச்சவை. டீ எண்டால் தங்கத்தின்ரை விலைக்குக் கொஞ்சம் மேலை போகும், அவ்வளவுதான். ஓ எண்டால் கதை வேறை. எங்கடை பாஷையிலை சொல்லப் போனால், ஓ எண்டால் ஓம்.

முப்பத்து நாலாயிரம் காசும் எங்கை போச்சு எண்டு கேட்டன். அதையும் சொன்னார். பிறகு ஒரு காலம் அங்கை அரசாங்கம் சனத்திட்டை இருந்த தங்கக் காசெல்லாத்தையும் கொண்டந்து தாங்கோ எண்டு சட்டம் போட்டு வாங்கி உருக்கிப் போட்டுதாம். நாடு முழுக்க ஒரு பெரிய பொன்னுருக்கு அத்தான், நல்ல நேரமும் பார்க்காமல், மாப்பிள்ளையும் இல்லாமல். உங்கடை ஐயாவின்ரை பெட்டிக்குள்ளை பவுண் எண்ட கள்ளப் பேரிலை ஒளிச்சிருந்தபடியாலைதான் இவர் தப்பியிருக்கிறார்.

"விலை என்ன?" எண்டு யதுர்ஷா கேட்டாள். ஓ-வைப் பின்னாலை ஒட்டி ஏமாத்திற ஆக்கள் இருக்கினமாம், பெரிய ஆக்களிட்டை அனுப்பிப் பார்த்துத்தான் முடிவாய்ச் சொல்லலாமாம். ஆனால் தன்ரை கண்ணுக்கு இது நல்ல ஓ. இந்த நிலையிலை அறுபதாயிரம் குரோணர் வரைக்கும் போகும் எண்டார். உங்கடை காசிலை பதினெட்டு லட்சம். நான் கதிரையைத் தேடினன், ஒரு கதிரைதான் இருந்தது. அப்ப பார்த்து யதுர்ஷா, "இதை நாங்கள் வாற வெள்ளிக்கிழமை உருக்கப் போறம்" எண்டு சொல்லிப் போட்டாள். கிழவர் காதிலை விழாத மாதிரித் திரும்பக் கேட்டார். "உருக்க?" ஓம். "உருக்கவோ?" ஓம். அந்த ஒரு கதிரையிலை அவர் இருந்திட்டார். "ஏன்?" எண்டார். யதுர்ஷா என்னைப் பார்த்தாள். நான் தாலி எண்டன், முறை எண்டன், மாப்பிள்ளை வீட்டார் பவுண் காசு உருக்கித்தான் செய்யவேணும் எண்டன். "வேறை தங்கத்திலை செய்ய ஏலாதோ?" எண்டார். ஏலும். "அப்ப ஏன் இது?" நான் யதுர்ஷாவைப் பார்த்தன். முதல் தரமாய் ஒரு கேள்வியிலை நானும் மருமேளும் ஒரே பக்கம் நிண்டம்.

வீட்டை வந்து சோத்துக் கோப்பையோடை வழக்குத் தொடங்கினது. "பெரியப்பாவிட்டையே கேட்பம்" எண்டான் ரிஷி. இவர் கையை ஓங்கினார், அடிக்க இல்லை, பிரசங்கத்துக்கு. "கேட்கக் கூடாது. அந்த மனுசன் என்ன மறுமொழி சொல்லுறது? திருப்பித் தாங்கோ எண்டால் குடுத்ததைத் திருப்பி வாங்கின வெட்கம். உருக்குங்கோ எண்டால் சாகுமட்டும் வயித்தெரிச்சல். அவர் உருக்கத் தந்தவர், நாங்கள் உருக்குவம். கதை முடிஞ்சுது." எனக்குத் தெரியும் அத்தான், அவர் சொன்னதிலை நியாயம் இருக்கு, அதுதான் எனக்கு இன்னும் கோவம். அக்கா போன கிழமைதான் சொன்னவ, மழைக்கு ஓடெல்லாம் ஒழுகுது, படுக்கைக்குப் பக்கத்திலை வாளி வைச்சுப் படுக்கிறம் எண்டு. பதினெட்டு லட்சம் போற காசைக் குடுத்திட்டு நீங்கள் ரெண்டு பேரும் வாளிக்குப் பக்கத்திலை படுத்திருக்க, அதை இஞ்சை நெருப்பிலை போட எனக்கு மனம் வரேல்லை. "உமக்கென்ன விசரே, சாமான் எங்கடை இல்லை" எண்டார் இவர். "எங்கடை இல்லை எண்டபடியால்தான் உருக்கக் கூடாது எண்டுறன்" எண்டன் நான். அவர் எழும்பிக் கை கழுவப் போயிட்டார்.

நேற்றுப் பின்னேரம் இவர் வேலைக்குப் போன கையோடை நான் என்ரை வேலையைச் செய்தன். எனக்கெண்டு ஒரு பவுண் இருக்கு அத்தான், உண்மையான ராசாப் பவுண், கல்யாணத்துக்கு அம்மா தந்தது. இடியப்ப மா போட்டு வைக்கிற தகரப் பேணியின்ரை அடியிலை ஒரு துணித் துண்டிலை சுத்தி வைச்சிருக்கிறன். ஆருக்கும் தெரியாது. அந்த ராசாவை எடுத்து மஞ்சள் துணியிலை முடிஞ்சு சாமித்தட்டிலை வைச்சன். அமெரிக்கனை என்ரை துணியிலை சுத்தி மாவுக்குள்ளை தாட்டன். இருபத்தொன்பது வருசத்திலை இடியப்பத்தைச் சாப்பிட்டதைத் தவிர மாப்பேணிப் பக்கம் வராத மனுசன் உங்கடை சகலன். இதைவிடப் பத்திரமான இடம் நோர்வேயிலை இல்லை.

இண்டைக்குக் காலமை சூசைரட்ணத்தார் வந்தவர். மன்னார் ஆள், வேதக்காரர், ஊரிலை தேப்பனோடை நகை வேலை பழகினவர். இஞ்சை பஸ் ஓடுறார், ஒஸ்லோவிலை எந்தச் சைவப் பிள்ளைக்குத் தாலி எண்டாலும் இவர்தான் உருக்கிறது. உமிச்சட்டி, சிரட்டைக் கரி, ஊது குழல் எல்லாம் ஒரு விளையாட்டுச் சாமான் பையிலை. வெராண்டாவிலை காத்து எண்டு ஹோலுக்குள்ளை சன்னலைத் திறந்து வைச்சு இருத்தினம். அவர் சிலுவை போட்டுக் கொண்டு நெருப்பை மூட்ட, இவர் தேவாரத்தைத் தொடங்க, ரெண்டாவது அடி வரமுதல் கூரையிலை இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கினது. பட்டு வேட்டியோடை மாப்பிள்ளை கதிரையிலை ஏறித் துவாயாலை விசிறுறான், இவர் அலாரத்தை விடப் பெலத்துப் பாடுறார், கீழ் வீட்டு நோர்வே மனுசி தீயணைக்கிற குழாயோடை வந்து கதவிலை நிக்கிறா. நெருப்பைக் காட்டி "தங்கம்" எண்டன். அவ குழாயை வைச்சிட்டு உள்ளுக்கை வந்து கடைசி மட்டும் நிண்டு, பயித்தம் பணியாரம் ஆறு சாப்பிட்டிட்டுத்தான் போனவ. அந்த அமளிக்குள்ளை காசு உருகினது. நான் பார்த்தனான், நெருப்புக்குள்ளை ஒரு செக்கச் சிவந்த துளி, குங்குமப் பொட்டு மாதிரி, ஆடிக் கொண்டு நிண்டுது. வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு. ஏன் உருக்கிறம் எண்ட அந்தக் கிழவரின்ரை கேள்விக்கு அது பாதி மறுமொழி போலை கிடந்தது.

இவரின்ரை முகத்தைத்தான் பார்க்கவேணும். வேர்த்து ஒழுகுது. தேவாரத்திலை ஒரு அடியை ரெண்டு தரம் பாடினார், மற்ற அடியை விட்டிட்டார். உருக்கவேணும் எண்டு நிண்ட மனுசனுக்கு இப்ப அமெரிக்கன் போறான் எண்டு நெஞ்சு பதறுது எண்டு நினைச்சு, "பரவாயில்லை, போன உயிர் போனதுதான்" எண்டு காதுக்குள்ளை சொன்னன். திடுக்கிட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் குசினிக்குள்ளை போனனான்.

இதுதான் நடந்தது. ஆகவே அத்தான், உங்கடை சொல்லைத் தட்டினதுக்கு நான் உங்களிட்டை மன்னிப்புக் கேட்கிறன். பகிடி இல்லை, உண்மையாய்த்தான். நீங்கள் இதை உருக்கச் சொல்லித்தான் தந்தனீங்கள். நான் உருக்கேல்லை. அடுத்த கிழமை யதுர்ஷாவின்ரை கழுத்திலை ஏறப்போறது என்ரை ராசா. உங்கடை அமெரிக்கன் மாவுக்குள்ளை பத்திரமாய்ப் படுத்திருக்கிறார். வித்து ஓடு போடுறதோ, கண்ணாடிப் பெட்டியிலை வைக்கிறதோ, உங்கடை முடிவு. எனக்கு மட்டும் எழுதுங்கோ, இவருக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சால் கோயில் சபையைக் கூட்டி என்னை விசாரிப்பார்.

அக்காவுக்கு என் அன்பையும், உங்கடை முழங்காலுக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கோ. கல்யாணத்தண்டு ரிஷியும் யதுர்ஷாவும் போனிலை விழுந்து கும்பிடுவினம், நீங்கள் அங்கை நிண்டு திருநீறு போடுங்கோ, அது எப்பிடியும் வந்து சேரும். எல்லாரும் நல்லாயிருக்க அம்மன் துணை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனியும், தங்கள் பவுணின் காவல்காரியுமான
இராசமணி

பி.கு.: உறைக்குள்ளை வைச்சு நக்கி ஒட்டப் போன நேரம் இவர் வந்து முன் கதிரையிலை இருந்தார். நான் கடிதத்தை மடிச்சுக் கையுக்குள்ளை வைச்சுக் கொண்டன்.

"இராசு, ஒரு விசயம் சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"இருபத்தொன்பது வருசம் கோவிச்சு என்ன கண்டன். சொல்லுங்கோ."

"அமெரிக்கன் உருகேல்லை."

கண்டுபிடிச்சிட்டார் எண்டு நினைச்சன். அவர் நிலத்தைப் பார்த்துக் கொண்டு சொல்லுறார். "சகலன்ரை கூரையை நினைக்க எனக்கும் மனம் கேட்கேல்லை. உம்மளிட்டை அவ்வளவு கதைச்சுப் போட்டு எந்த முகத்தோடை சொல்லுறது? சூசைரட்ணத்தாரிட்டை ரகசியமாய்ச் சொல்லி வைச்சனான், தட்டிலை இருக்கிற காசைப் பைக்குள்ளை போட்டுக் கொண்டு நான் தாறதை உருக்குங்கோ எண்டு. அலாரம் அடிச்ச நேரம் மாத்திப் போட்டார்."

"நீங்கள் குடுத்த காசு எங்காலை?"

"உம்மடை மாப்பேணியிலை ஒரு பவுண் கிடக்கிறது எனக்குக் கல்யாணம் கட்டின நாளையிலையிருந்து தெரியும். காலமை நீர் குளிக்கப் போன நேரம் எடுத்தனான். துணியோடையே குடுத்திட்டன், அவிழ்த்தும் பார்க்கேல்லை. வேறை வாங்கித் தாறன், கோவியாதையும்."

சொல்லிக் கொண்டே மஞ்சள் முடிச்சை எடுத்து மேசையிலை வைச்சார், ஊரைக் காப்பாத்தினவர் மாதிரி. நான் அவிழ்த்தன். ராசா. மறுபக்கம் குதிரை. நான் குசினிக்கு ஓடிப் பேணியைக் கவிழ்த்தன். மா. கையை விட்டுக் கிளறினன். மாதான்.

சூசைரட்ணத்தாருக்குப் போன் அடிச்சன். "ஓம் அக்கா, எனக்கும் ஒரு யோசனைதான். தராசிலை எட்டு தசம் மூண்டு கிராம் நிண்டுது, பவுண் எட்டுக்கு மேலை போறேல்லை. நிறமும் கொஞ்சம் சிவப்பு. லிங்கண்ணை பார்த்துப் பாரமானதாய் வாங்கியிருக்கிறார் எண்டு நினைச்சன்." முகத்தைப் பார்க்கேல்லையோ எண்டு கேட்டன். "புகைக்குள்ளை ஆரக்கா முகம் பார்த்தது? சிறகு மாதிரி ஒண்டு தெரிஞ்சுது. மகாராணியின்ரை தொப்பியாக்கும் எண்டு விட்டிட்டன்."

நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். மேசையிலை மா, மூக்கிலை மா. ஆர் முதல் சிரிச்சது எண்டு இப்பவும் வழக்கு நடக்குது. யதுர்ஷாவுக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னால் ஏன் எண்டு கேட்பாள், ரெண்டு பேரும் மறுமொழி யோசிச்சுக் கொண்டிருக்கிறம்.

கடிதத்தைத் திருப்பி எழுதக் கை ஏலாது. நீங்களே பேனையை எடுத்து, பவுண் பத்திரமாய் இருக்கு எண்ட வரியையெல்லாம் வெட்டி விடுங்கோ. மன்னிப்புக் கேட்ட இடத்தையும் வெட்டுங்கோ, அது எனக்குத் திரும்ப வேணும், வேறை பிழைக்குப் பாவிக்கலாம். ஓட்டு வேலைக்கு ஆளைப் பிடியுங்கோ. இவர் கார் நிப்பாட்டுற கராச்சிலை பெயின்ற் வாளிக்குள்ளை ஒரு சேமிப்பு ஒளிச்சு வைச்சிருக்கிறார், எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக் கொண்டு. அது வரும். இனி இந்தக் கடிதத்தை அக்காவுக்கும் வாசிக்கலாம், ஸ்பீக்கரிலை போட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் உருக்கச் சொல்லி அனுப்பினியள் அத்தான். உருக்கியாச்சு. நாங்கள் ரெண்டு பேரும் எங்களாலை ஏலுமான மட்டும் தடுத்துப் பார்த்தனாங்கள்.